3ஜி வந்தால் ஜிபிஎஸ் வேகமாகுமா? வரப்போகும் கைபேசிக்காகக் காத்திருக்கலாமா?

10.06.2008, கேள்வி

நேற்று இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 3ஜியை அறிவித்துவிட்டது. விரைவான 3ஜி இணைய இணைப்பும் ஜிபிஎஸ்ஸும் ஒரே கருவியில் வருகின்றன. என் கருத்து இதுதான்: இணைய வேகம் கூடினால் செயற்கைக்கோள் மூலம் இடமறிவதும் வேகமாகும், துல்லியமும் கூடும். ஆகவே இப்போது கடையில் இருக்கும் எதையும் வாங்காமல் காத்திருப்பதே அறிவு. களப்பணியில் ஜிபிஎஸ் கருவி பயன்படுத்துகிறவர்கள் இதை ஒப்புக்கொள்கிறீர்களா?

10.06.2008, இரவு

ஒப்புக்கொள்ளவில்லை. காத்திருப்பதும் வாங்குவதும் உங்கள் விருப்பம். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் தவறு.

3ஜி என்பது கைபேசிக்கும் தரையில் நிற்கும் கோபுரத்துக்கும் இடையில் நடக்கும் பேச்சு. ஜிபிஎஸ்ஸில் அப்படிப் பேச்சு எதுவும் நடப்பதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் "என் மணி இது, என் பாதை இது" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன; நம் கையில் உள்ள கருவி அதைக் கேட்டு, குறைந்தது நான்கு கோள்களின் தொலைவைக் கணக்கிட்டு, தன் இடத்தைத் தானே தெரிந்துகொள்கிறது. நாம் கேட்கிறோம் என்பதே அவற்றுக்குத் தெரியாது. அவை சொல்லும் வேகம் நொடிக்கு 50 பிட். தந்தி அடிக்கும் வேகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முப்பதாயிரம் ரூபாய்க்குக் கைபேசி வாங்கினாலும் அந்த வேகம் 50 பிட்தான்.

நான் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய்களை அளந்து பட்டியலிடும் பணியில் ஐந்தாண்டுகளாக இருக்கிறேன். கரையின் இரு முனைகள், ஒவ்வொரு மடை, மிகுதி நீர் வழியும் கலுங்கு, வரத்துக் கால்வாய் வந்து சேரும் இடம் என ஒரு கண்மாய்க்குப் பத்து முதல் ஐம்பது புள்ளிகள் வரை குறிக்க வேண்டும். இதுவரை எனக்குச் சோறு போட்டது இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடும் ஒரு மஞ்சள் கைக்கருவி. அதற்கு இணையமும் கிடையாது, வண்ணத் திரையும் கிடையாது.

12.06.2008

முந்தைய குறிப்பை எழுதிய வேகத்தில் ஒன்றை விழுங்கிவிட்டேன். ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்துச் சுட்டிக்காட்டினார், நியாயமான குற்றச்சாட்டு.

கைபேசிகளில் இருப்பது வெறும் ஜிபிஎஸ் அன்று, துணை ஜிபிஎஸ். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தையும் கடிகாரத் திருத்தத்தையும் சொல்லி முடிக்க 900 பிட் தேவை. நொடிக்கு 50 பிட் வேகத்தில் அதற்கு 18 நொடி ஆகும். அந்தச் செய்தி 30 நொடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்லப்படுகிறது. நடுவில் ஒரு புளியமரம் குறுக்கிட்டு நான்கு பிட் காணாமல் போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். காலையில் கருவியை முடுக்கிவிட்டு நாம் கரையில் நின்றுகொண்டே இருப்பது இதனால்தான். துணை ஜிபிஎஸ்ஸில் இதே விவரத்தைக் கைபேசி இணையம் வழியாக ஒரு வழங்கியிடம் (சர்வர்) கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஆக, இணையத்துக்கும் இடமறிதலின் வேகத்துக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் நான் எழுதியது பிழை. தொடர்பு உண்டு.

ஆனால் கேள்வி கேட்டவர் இதில் மகிழ இடமில்லை. கணக்கைப் பாருங்கள். வானில் இப்போது இயங்கும் 30 சொச்சம் கோள்களுக்கும் சேர்த்து, கோளுக்கு 900 பிட் வீதம், மொத்தம் மூன்றரைக் கிலோபைட்டைத் தாண்டாது. நொடிக்கு 40 கிலோபிட் ஓடும் நம் 2ஜி (ஜிபிஆர்எஸ்) இணைப்பில் அது முக்கால் நொடி. நொடிக்கு 3.6 மெகாபிட் ஓடும் 3ஜி இணைப்பில் நூறில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. முக்கால் நொடியை மிச்சப்படுத்தவா முப்பதாயிரம்? இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதே இங்கே கேள்வி. அது வேகமானதா என்பது பொருட்டே அன்று.

துல்லியம் பற்றி: அதற்கும் 3ஜிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வானம் எவ்வளவு திறந்திருக்கிறது, காற்று மண்டலத்தின் மேலடுக்கு அலைகளை எவ்வளவு தாமதப்படுத்துகிறது, பக்கத்தில் சுவர் இருக்கிறதா என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. துல்லியம் உண்மையிலேயே ஒரே இரவில் கூடியது 2000ஆம் ஆண்டு மே மாதத்தில். பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு அன்று நிறுத்தியது. அதற்கு யாரும் புதுக் கருவி வாங்கவில்லை.

12.06.2008, மீண்டும்

ஒரு வேடிக்கை. செயற்கைக்கோள்கள் தம் சொந்தப் பாதையைத் துல்லியமாகச் சொல்வதோடு, எல்லாக் கோள்களும் ஏறத்தாழ எங்கே இருக்கும் என்ற ஒரு தோராயப் பட்டியலையும் ஒலிபரப்புகின்றன. ஆங்கிலத்தில் அதற்குப் பஞ்சாங்கம் என்ற பொருள் தரும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். முழுப் பஞ்சாங்கத்தையும் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அது பல வாரங்களுக்குச் செல்லும். துல்லியமான பாதை விவரமோ நான்கு மணி நேரத்தில் பழசாகிவிடும். முன்னதை வாக்கியம் என்றும் பின்னதைத் திருக்கணிதம் என்றும் நான் நினைவில் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் சரி என்பதில் நடந்த சண்டையை இங்கே கொண்டுவர விருப்பமில்லை.

13.06.2008

கட்டணத்தை யாரும் பேசவில்லை. என் இணைப்பில் 10 கிலோபைட்டுக்கு 10 பைசா, அதாவது ஒரு மெகாபைட்டுக்குப் பத்து ரூபாய்ச் சில்லறை. 3.6 மெகாபிட் வேகத்தில் முழு மூச்சாக இறக்கினால் நொடிக்கு நாலரை ரூபாய், நிமிடத்துக்கு 270 ரூபாய்க்கு மேல். சென்னை ஆட்டோவின் மீட்டராவது ஓடாமல் நிற்கும், இது நிற்காது.

21.06.2008

சென்ற வாரம் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயில் வேலை. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று ஊரார் சொல்வது இதைத்தான். நாரையாலும் ஒரே மூச்சில் கடக்க முடியாத நீளம். உடன்வந்த நண்பரிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த, ஜிபிஎஸ் உள்ள, இழுத்துத் திறக்கும் கைபேசி ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். என் மஞ்சள் கருவியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகத் திட்டம்.

முதல் மடையில் மஞ்சள் கருவி ஒன்றரை நிமிடத்தில் இடம் பிடித்தது. கைபேசி பிடிக்கவில்லை. மூடிய நிலையில் சட்டைப் பையில் இருந்தால் அதற்கு வானம் தெரியாது. விசைகளின் அடியில் ஆன்டெனா இருப்பதால் திறந்து, தட்டில் பிரசாதம் ஏந்துவதுபோல் கிடையாகப் பிடிக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். அலைவரிசைக் கோடு ஒன்றுகூட இல்லாததால் இணையத்தின் துணையும் இல்லை. எங்களோடு நடந்துவந்த நீர்பாய்ச்சி, எழுபதைத் தொடும் வயதுக்காரர், கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, நாம எங்க நிக்கிறோம்னு கண்டுபிடிக்கவா இம்புட்டு நேரம்?" என்று கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம், ஆனால் அவர் கேலியாகக் கேட்கவில்லை.

பத்தொன்பதாவது மடையில் கைபேசியின் பேட்டரி தீர்ந்தது. அப்போது மணி பதினொன்றரை. மஞ்சள் கருவியின் கட்டைகளும் மாலையில் தீர்ந்தன; ஆனால் கரையிறங்கியதும் இருந்த பெட்டிக்கடையில் புதுக் கட்டை கிடைத்தது. கைபேசிக்குக் கரையில் மின்சாரம் கிடைக்க வழியே இல்லை.

ஆகவே வரப்போகும் கருவிகளை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும் என்பது என் முடிவு. கோபுரமே இல்லாத இடத்தில் தானாக இடம் பிடிக்குமா? வரைபடத்தை உள்ளேயே வைத்துக்கொள்ள முடியுமா? ஒரு பகல் தாங்குமா? 3ஜி இந்த மூன்றிலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

22.06.2008

மேலே எழுதியதில் நண்பருக்கு வருத்தம். அவருடைய கைபேசி பிற்பகலில் இரவல் சார்ஜரில் உயிர் பெற்றபோது, நெடுஞ்சாலையோரம் அலைவரிசை இருந்த இடத்தில், பத்தே நொடியில் இடம் பிடித்ததை நான் எழுதாமல் விட்டது ஓரவஞ்சனை என்கிறார். உண்மைதான். அதே இடத்தில் என் கருவிக்கு நாற்பது நொடி ஆனது.

05.07.2008

ஊருக்கு உபதேசம் என்று யாரும் சொல்வதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்: நானும் ஒரு கருவிக்காகக் காத்திருக்கிறேன். கார்மின் நிறுவனம் கடந்த ஜனவரி 30 அன்று நூவிஃபோன் என்ற ஒன்றை அறிவித்தது. வழிகாட்டிக் கருவி செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்யும் கைபேசி, 3ஜியும் உண்டு. இந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் வரும் என்றார்கள். மற்றவர்கள் கைபேசிக்குள் ஜிபிஎஸ்ஸைத் திணிக்கிறார்கள். இவர்கள் ஜிபிஎஸ்ஸுக்குள் கைபேசியைத் திணிக்கிறார்கள் என்பதால் எனக்கு ஒரு நம்பிக்கை.

வரிசையில் உள்ள மற்றவை: நோக்கியா என்95 சென்ற ஆண்டே வந்துவிட்டது, விலை இறங்கிக்கொண்டிருக்கிறது, இ71 சென்ற மாதம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, பிளாக்பெர்ரி போல்டும் வரவிருக்கிறது. மூன்றிலும் விரைவு இணையமும் ஜிபிஎஸ்ஸும் உண்டு. சென்ற ஆண்டு வரை வியப்பாக இருந்தது இந்த ஆண்டு எல்லார் பட்டியலிலும் ஒரு வரியாகிவிட்டது.

02.08.2008

நூவிஃபோன் அடுத்த ஆண்டின் முதல் பாதிக்குத் தள்ளிப்போய்விட்டது. கருத்து எதுவும் இல்லை.

24.08.2008

ஐபோன் 3ஜி நேற்று முன்தினம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 8 ஜிகாபைட் 31,000 ரூபாய். 16 ஜிகாபைட் 36,100 ரூபாய். அமெரிக்காவில் 199 டாலர், இன்றைய விலையில் எட்டாயிரத்துச் சொச்சம் என்று கொதிப்பவர்கள், அங்கே அதற்கு ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், மீதிப் பணம் மாதாமாதம் கறக்கப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு உறுத்துவது விலை அன்று. நாட்டில் 3ஜி சேவையே இன்னும் தொடங்கவில்லை. அந்தச் சொல்லைக் கருவியின் பெயரிலேயே தாங்கிவரும் ஒன்று இங்கே எட்ஜ் என்ற 2ஜி வேகத்தில் ஓடப்போகிறது. மாடு வாங்குவதற்கு முன் தும்பு வாங்கிய கதை. போகட்டும், ஜிபிஎஸ் மட்டுமாவது வேலை செய்யும், அதற்கு யாருடைய உரிமமும் தேவையில்லை.

14.09.2008

வாங்கிவிட்டேன். விசைப்பலகை உள்ள ஒரு கைபேசி. பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள். காத்திருக்காதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தவன், காத்திருந்த பொருள் வராததால் வேறொன்றை வாங்கினான் என்று படித்துக்கொள்ளவும்.

வீட்டுக் கணினியில் தென்னிந்திய வரைபடத்தை இறக்கி, கேபிள் வழியாக நினைவக அட்டையில் ஏற்றிக்கொண்டேன். பிறகு இணையத்தை முற்றாக அணைத்துவிட்டு மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாகப் போனேன். தேசிய நெடுஞ்சாலை 49 வரைபடத்தில் அச்சுப் பிசகாமல் வந்தது. நான் ஓட, புள்ளியும் கூடவே ஓடியது. சிறுபிள்ளைத்தனமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், வைகைப் பாலத்தைக் கடக்கும்போது திரையிலும் நீலக்கோட்டைக் கடந்ததைப் பார்க்க வண்டியை ஓரங்கட்டினேன்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் கதை மாறியது. இளையான்குடிப் பக்கம் கிளைச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் போனபின் திரையில் சாலை இல்லை, ஊர் இல்லை, கண்மாய் இல்லை. வெறும் சாம்பல் பரப்பின் நடுவில் என் புள்ளி மட்டும். நான் எங்கே இருக்கிறேன் என்பதைக் கருவி ஐந்து மீட்டருக்குள் அறிந்திருந்தது. அந்த இடத்துக்குப் பெயர் என்ன என்பது அதற்குத் தெரியவில்லை. டீக்கடையில் இருந்தவர்களுக்கு நேர்மாறு.

இந்தப் பள்ளத்தை எந்த 3ஜியும் நிரப்பாது. யாராவது போய் அந்தச் சாலைகளை வரைந்தால்தான் உண்டு. நோக்கியா நிறுவனம் 810 கோடி டாலர் கொடுத்து நேவ்டெக் என்ற வரைபட நிறுவனத்தை இந்த ஜூலையில் வாங்கி முடித்ததைப் படித்தபோது, கோடுகளுக்கு இத்தனை விலையா என்று நினைத்தேன். இளையான்குடிச் சாலையில் நின்றபோது புரிந்தது.

02.11.2008

ஒரு மாத வேலையைப் பாழாக்கியதன் வாக்குமூலம் இது. கைபேசியில் குறித்த மடைகளை ஒன்றுக்கு ஐம்பதாயிரம் அளவுள்ள பழைய நிலவரைபடத் தாளில் ஏற்றினேன். மடைகள் எல்லாம் கரையை விட்டு நழுவி வயலுக்குள் போய் நின்றன. எல்லா மடையும் ஒரே திசையில், ஒரே அளவு, நூறு மீட்டருக்கு மேல். கைபேசிதான் பழுது, மஞ்சள் கருவியை விட்டது பாவம் என்று இரண்டு நாள் புலம்பினேன். பிறகு மஞ்சள் கருவியின் பழைய புள்ளிகளைப் பார்த்தால் அவை ஒழுங்காகக் கரைமேல் உட்கார்ந்திருக்கின்றன.

காரணம் இதுதான். அந்தப் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்டவை. ஜிபிஎஸ் கணக்கிடுவது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறொரு நீள்கோளத்தில். பூமியின் வடிவத்துக்கு இருவரும் வெவ்வேறு அளவு எடுத்தால் ஒரே இடத்துக்கு இரண்டு விலாசம் வரும். மஞ்சள் கருவியில் ஐந்தாண்டுக்கு முன் யாரோ புண்ணியவான் அந்த அமைப்பை மாற்றி வைத்திருக்கிறார். நான் அதை அறியாமலே பலன் அனுபவித்து வந்திருக்கிறேன். 2005ஆம் ஆண்டு தேசிய நிலவரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வரும் தாள்கள் டபிள்யூஜிஎஸ்84 முறையில் இருக்கின்றன. எங்கள் அலுவலக அலமாரியில் இருப்பவை அதற்கு முந்தியவை.

21.06.2008 குறிப்பில் மூன்று கேள்விகள் போதும் என்று எழுதியிருந்தேன். நான்காவது: உங்கள் கருவியும் உங்கள் வரைபடமும் ஒரே பூமியைத்தான் பேசுகின்றனவா?

24.02.2009

பிஎஸ்என்எல் நிறுவனத்தின் 3ஜி சேவை சென்னையில் தொடங்கிவிட்டது. டெல்லியில் எம்டிஎன்எல் டிசம்பரிலேயே தொடங்கியிருந்தது. கேள்வி கேட்டவர் இன்னும் இங்கே வருகிறாரா? வந்தால், நானே சென்னை போய்ச் சோதித்துச் சொல்வதாக உறுதி கூறுகிறேன்.

17.03.2009

சோதித்தேன். தியாகராய நகரில் உறவினர் ஒருவரின் 3ஜி சிம்மை என் கைபேசியில் போட்டு, மொட்டைமாடியில் நின்று பத்து முறை. பிறகு அதே கைபேசியை 2ஜிக்கு மட்டும் மாற்றிப் பத்து முறை. இடம் பிடிக்கும் நேரத்தில் என் கைக்கடிகாரம் காட்டக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டிலும் எட்டு நொடிக்கும் பதினைந்து நொடிக்கும் இடையில்.

கீழே இறங்கி ரங்கநாதன் தெருவில் நடந்தபோது புள்ளி அடுத்த தெருவில் நடந்தது. உயர்ந்த கட்டடச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையைவிடத் தாமதமாக வருகிறது. கருவி அதை நம்பி, கோள் இன்னும் தொலைவில் இருப்பதாகக் கணக்குப் போடுகிறது. அலைவரிசைக் கோடுகளோ முழுதாக நிற்கின்றன. ஆர்.எஸ்.மங்கலத்துக்கு நேர் எதிர்: அங்கே வானம் முழுதும் நமக்கு, இணையம் இல்லை, இங்கே இணையம் முழுதும் நமக்கு, வானம் இல்லை. அந்தத் தெருவில் புள்ளி தேவையும் இல்லை, கூட்டமே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

30.10.2009

இரண்டு செய்திகள். நூவிஃபோன் ஒருவழியாக இந்த மாதம் அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அறிவித்ததிலிருந்து இருபது மாதத்துக்கு மேல். நேற்று முன்தினம் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குத் திருப்பத்துக்குத் திருப்பம் வழிசொல்லும் வசதியை இலவசமாக அறிவித்தது. அன்றே கார்மினின் பங்குவிலை சரிந்தது. பெண் பார்க்கப் போய்க் காபி ஆறுவதற்குள் பெண்ணுக்கு வேறிடத்தில் நிச்சயம் ஆன கதை. நான் காத்திருந்தது நல்லதா கெட்டதா என்று இனி யோசிக்கப்போவதில்லை.

22.01.2010

நோக்கியாவும் வழிகாட்டும் வசதியை நேற்று இலவசமாக்கிவிட்டது, 74 நாடுகளில். கூகுளின் வசதி போகப் போக இணையத்திலிருந்து வரைபடத்தை இறக்கும். நோக்கியாவினுடையது முன்கூட்டியே ஏற்றியதைக் கொண்டு இணையமின்றியும் ஓடும். எங்கள் பக்கத்துக்கு எது பொருந்தும் என்பதை இந்த இழையை மேலிருந்து படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

20.05.2010

3ஜி ஏலம் நேற்று முடிந்தது. 34 நாள் நடந்து, அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல். தமிழ்நாடு வட்டத்தில் ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் ஆகிய மூன்றுக்கும் கிடைத்திருக்கிறது. இந்தப் பணத்தை அவர்கள் எங்கிருந்து திரும்ப எடுப்பார்கள் என்று 13.06.2008 குறிப்பைப் படித்துவிட்டு ஊகித்துக்கொள்ளவும். முதலில் கூட்டம் உள்ள நகரங்களிலிருந்துதான் எடுப்பார்கள் என்பதால், கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் கோபுரம் வரும் நாளை நான் நாட்காட்டியில் குறிக்கவில்லை.

16.04.2011

மூன்றாண்டுக்கு முன் எழுதியதில் ஒரு பெரிய திருத்தம் தேவைப்படுகிறது. யாரும் சுட்டிக்காட்டவில்லை, நானே விழுந்து எழுந்து கண்டது.

மதுரையிலும் அதைச் சுற்றியும் இப்போது எனக்கு 3ஜி கிடைக்கிறது. போன வாரம் திருப்புவனம் பக்கம் ஒரு சிறு கண்மாய்க்குப் போனோம். வைகையிலிருந்து அதற்கு ஒரு வரத்துக் கால்வாய் இருந்ததாகப் பழைய பதிவேடு சொல்கிறது, களத்தில் காணவில்லை. சீமைக்கருவேலம் மூடியிருந்தது. ஊரில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். நான் கரைமேல் நின்று கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். முன்பெல்லாம் இதற்குப் பத்து நிமிடம் காத்திருந்து, பாதிப் படத்தில் இணைப்பு அறுந்து, வீட்டில் அச்செடுத்து வந்த தாளையே விரிப்போம். அன்று சதுரம் சதுரமாகச் சட்டென்று நிரம்பியது. கண்மாயின் மேற்கு மூலையிலிருந்து வயல்களுக்கு இடையில், சுற்றியுள்ளதைவிடச் சற்றே அடர்ந்த பச்சையில், மெல்லிய வளைந்த கோடு ஒன்று தெரிந்தது. மனிதன் போட்ட வரப்பு அப்படி வளையாது. தண்ணீர் போன பாதைதான் அப்படி வளையும்.

திரையில் என் புள்ளி அந்தக் கோட்டின்மேல் வரும்வரை நடந்தோம். புதரை வெட்டிப் பார்த்தால் முழங்கால் ஆழத்தில் பள்ளம், ஓரிடத்தில் சிதைந்த கல்கட்டு. ஜிபிஎஸ்ஸும் வேகமான இணையமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததை நான் கண்ணால் கண்டது அன்றுதான். கோள் "நீ இங்கே" என்றது. படம் "இங்கே இது இருந்தது" என்றது. இரண்டாவதைக் காலடியில் கொண்டுவர வேகம் தேவைப்பட்டது. தெளிவான வான்படங்கள் மூன்றரைக் கிலோபைட்டில் அடங்குவதில்லை.

எனவே "3ஜி இந்த மூன்றிலும் வரவில்லை" என்ற என் பழைய வரியைத் திரும்பப் பெறுகிறேன். பாதியைத்தான். இடம் பிடிப்பதற்கு வேகம் தேவையில்லை என்பதில் மாற்றமில்லை. பிடித்த இடத்தைப் புரிந்துகொள்ள வேகம் உதவுகிறது. கேள்வி கேட்டவர் தவறான காரணத்தால் சரியான பொருளை விரும்பினார் என்று சொல்லலாம். அவர் எதை வாங்கினார், எப்போது வாங்கினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

போகிறபோக்கில்: கார்மினும் அதன் கூட்டாளி ஏசூஸும் சென்ற அக்டோபரில் கூட்டுப்பெயரில் கைபேசி வெளியிடுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டன. நூவிஃபோன் கணக்கு முடிந்தது.

04.06.2023

பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் இந்த இழையைத் தோண்டி எடுக்கக் காரணம் என் அண்ணன் மகன். போன வாரம், மே 29 அன்று, இஸ்ரோ என்விஎஸ்-01 கோளை ஏவியது. ஜிபிஎஸ் போல நம் நாட்டுக்கென உள்ள நாவிக் அமைப்பின் அடுத்த தலைமுறைக் கோள். ஜிபிஎஸ் பயன்படுத்தும் எல்1 அலைவரிசையிலும் பேசும் முதல் நாவிக் கோள் இது. முந்தைய கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் பேசின. அதனால் எல்1 மட்டும் கேட்கும் பெரும்பாலான கைபேசிகளுக்கு அவை காதில் விழவில்லை. அவன் கேட்கிறான்: "சித்தப்பா, 5ஜி போனில் நாவிக் வந்தால் லொகேஷன் இன்னும் ஃபாஸ்ட்டா வருமா? அதுவரைக்கும் வாங்காம இருக்கட்டுமா?"

சிரிக்காமல் பதில் சொன்னேன். நாவிக் கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் தலைக்கு மேலேயே நிற்பதுபோல் சுற்றுகின்றன; நம் ஊரில் அவை எப்போதும் கண்ணுக்கு நேராக இருப்பது பெரிய நன்மை. அவற்றின் எல்5 ஒலிபரப்பு நொடிக்கு 50 குறி; பிழை திருத்தத்துக்கு அதில் பாதி போய்விடுவதால் உண்மையான செய்தி நொடிக்கு 25 பிட்தான். ஒரு முழுச் சுற்றுக்கு 48 நொடி. ஜிபிஎஸ்ஸைவிட மெதுவாகப் பேசுகிற கோள். மீதியை 12.06.2008 குறிப்பில் படித்துக்கொள் என்று இந்தப் பக்கத்தின் சுட்டியை அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "யார் சித்தப்பா அந்த நீர்பாய்ச்சி?" என்று மட்டும் கேட்டான்.

பரணில் இருந்த மஞ்சள் கருவியை இன்று இறக்கினேன். திரையின் ஒரு மூலை கறுத்திருக்கிறது. புதுக் கட்டை போட்டு மொட்டைமாடியில் வைத்தபோது பதினைந்து நிமிடம் ஆனது. பழைய பஞ்சாங்கத்தை எறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்கிறது, பாவம். இடத்தை என் கைபேசி சொன்னதற்கு ஆறு மீட்டருக்குள் சொன்னது. தேதியை மட்டும் 19.10.2003 என்று காட்டியது. ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரைதான் எண்ணி, மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படி ஒருமுறை திரும்பியது கருவிக்குத் தெரியாது. நான் இந்தக் கண்மாய் வேலையில் சேர்ந்த ஆண்டும் 2003தான். தேதியைத் திருத்த வழி இருக்கிறதா என்று பார்க்கவில்லை.